தூக்குவது வேறு, தாங்குவது வேறு

கண்டிப் பக்கத்திலிருந்து வாசகச் சகோதரர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "என்னுடைய காருக்கு ஒயில் மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்து பழகிவிட்டேன். முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்துவதற்கு ஒரு சோடி ராம்ப் வாங்க எண்ணியுள்ளேன். இரும்பில் வாங்குவதா, பிளாஸ்டிக்கில் வாங்குவதா? எது நல்லது?" என்பது அவருடைய கேள்வி.

இது வாகனம் பற்றிய கேள்விதானே, குடும்பப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று சகோதரிகள் சிலர் நினைக்கக்கூடும். பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வாகனத்தின் கீழே படுத்து வேலை செய்பவர் உங்கள் கணவராக, மகனாக, தம்பியாக இருக்கிறார். வேலை நடக்கும் இடம் உங்கள் வீட்டு முற்றம். டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரும் அநேகமாக நீங்கள்தான். ஆகவே இந்தப் பதில் உங்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முன்பெல்லாம் இவ்வேலையை வீட்டில் செய்வோர் குறைவு. சேர்விஸ் ஸ்டேசனில் வாகனத்தை ஒப்படைத்துவிட்டு, வேலை முடியும் வரை பத்திரிகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா சரிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அத்தோடு ஒயில், பில்டர், பிரேக் பேட் எல்லாவற்றின் விலையும் ஏறியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த ஐந்தாண்டுக் காலத்தில், இருப்பதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்றிருந்தவர்களும் பழைய வாகனத்தையே பேணிக்கொள்ள வேண்டியவர்களானார்கள். கூலியையாவது மிச்சப்படுத்துவோமென்று பலர் கையில் ஸ்பெனரை எடுத்தது அப்போதுதான்.

அது குறை சொல்லக்கூடிய காரியமல்ல. தன் வாகனத்தைத் தானே அறிந்து வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். "இரும்பா, பிளாஸ்டிக்கா" என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னர் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜக்கின் வேலை எது?

வாகனத்தோடு வரும் ஜக்கும் சரி, போத்தல் ஜக்கும் சரி, சில்லுள்ள ட்ரொலி ஜக்கும் சரி, தூக்குவதற்காகச் செய்யப்பட்டவை. தூக்கிய பாரத்தை, அதன் கீழே ஒரு மனிதன் படுத்திருக்க, தாங்கி நிற்பதற்காக அவை செய்யப்படவில்லை. போத்தல் ஜக்கின் உள்ளே பாரத்தைத் தாங்குவது எண்ணெயும், அந்த எண்ணெயைத் தடுத்து வைத்திருக்கும் சிறிய ரப்பர் வளையமும்தான். வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும். ஜக் மெதுவாக இறங்கும். சில வேளை ஒரேயடியாக இறங்கிவிடும். கத்தரிக்கோல் போல் விரியும் ஜக்கில் எண்ணெய் இல்லை. ஆனால் அதன் அடித்தட்டு உள்ளங்கை அளவுதான். வாகனம் ஓரங்குலம் முன்னோ பின்னோ நகர்ந்தால் ஜக் சாய்ந்துவிடும்.

எங்கள் ஊரில் பாடசாலை வான் ஓட்டும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அவருடைய வீட்டைக் கடந்து போகையில், வானின் கீழிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முன்பக்கத்தில் ஒரு போத்தல் ஜக், அதனடியில் ஒரு பலகைத் துண்டு. வேறு எந்த முட்டும் இல்லை. "தம்பி, வேறொன்றும் முட்டுக் கொடுக்கவில்லையா?" என்று கேட்டேன். "அஞ்சு நிமிஷ வேலதானே ஹஸரத், சம்ப் நட்டக் கழட்டினாச் சரி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவருடைய சின்ன மகள் பழைய ஒயிலைப் பிடிப்பதற்கான பேசினை ஏந்திக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒன்றும் நடக்காமல் போவதைத்தான் நாம் அஞ்ச வேண்டும். பத்துத் தடவை ஒன்றும் நடக்காவிட்டால், பதினோராவது தடவைக்கு அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இறுகிக் கிடக்கும் நட்டைக் கழற்ற ஸ்பெனரை உலுக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த உலுக்கலில் வாகனம் முழுவதும் அசைகிறது. சும்மா நிற்கும்போது சாயாத ஜக், உலுக்கும்போது சாய்கிறது. உலுக்குபவரோ அந்நேரம் கீழே படுத்திருக்கிறார். ஜக் சரியக்கூடிய நேரமும் மனிதன் அதன் கீழே இருக்கும் நேரமும் ஒன்றாக அமைவது தற்செயலானதல்ல.

பாரம் நெஞ்சில் இறங்கினால் எலும்பு முறிந்தால்தான் ஆபத்து என்பதில்லை. நெஞ்சு விரிவதற்கு இடமில்லாமற் போனாலே மூச்சு நின்றுவிடும். மூச்சு விட முடியாதவரால் சத்தமிட்டுக் கூப்பிடவும் முடியாது. வீட்டார் குசினியில் இருக்கும்போதே, வெளியே ஓசையின்றி எல்லாம் முடிந்துவிடலாம். ஆகவே முதற் பாடம் இதுதான்: தூக்குவது ஜக்கின் வேலை; தாங்குவது ராம்பின் வேலை, அல்லது ஸ்டாண்டின் வேலை.

ராம்ப் எதற்கு உதவும்?

ராம்ப் என்பது டயர் ஏறி நிற்கும் ஒரு சாய்தளம். மேலே சமதளமும், அதன் முடிவில் டயர் தாண்டிவிடாதபடி ஒரு தடுப்பும் இருக்கும். வாகனம் தன் சொந்தக் கால்களிலேயே நிற்பதால் ஸ்திரமாக நிற்கும். ஒயிலும் பில்டரும் மாற்றுவது, கியர்பொக்ஸ் ஒயிலைப் பார்ப்பது, சைலன்சர் கட்டுகளையும் ரப்பர் புஷ்களையும் சோதிப்பது, கடலோர ஊர்களில் இருப்போர் அடிப்பக்கத்து உப்பைக் கழுவுவது போன்ற வேலைகளுக்கு இதைவிட நல்ல வசதி வீட்டில் கிடையாது.

ஆனால் டயரைக் கழற்ற வேண்டிய வேலைகளுக்கு ராம்ப் உதவாது. பிரேக் பேட் மாற்றுவது, ஷொக் எப்சோபர் மாற்றுவது போன்றவற்றுக்கு ஜக்கினால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வைக்கத்தான் வேண்டும். சிலர் டயரைக் கழற்றிவிட்டு, ராம்பைக் கொண்டுபோய் வாகனத்தின் அடியில் முட்டாகக் கொடுக்கிறார்கள். ராம்ப் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. பாரம் விழ வேண்டிய இடத்தில் விழாது. எனவே நீங்கள் வீட்டில் செய்யப்போகும் வேலை எது என்பதை முதலில் தீர்மானியுங்கள். பிரேக் வேலைதான் அதிகமென்றால் ராம்புக்குச் செலவழிக்காமல் நல்ல ஸ்டாண்ட் ஒரு சோடி வாங்குவது புத்தி.

ஸ்டாண்டிலும் தரம் பார்க்க வேண்டும். 2020இல் அமெரிக்காவில் பெரிய கருவி விற்பனை நிறுவனமொன்று தன்னுடைய 3 தொன், 6 தொன் ஸ்டாண்டுகளை இலட்சக்கணக்கில் மீளப் பெற வேண்டியதாயிற்று. பாரத்தைப் பிடித்திருக்கும் பல் நழுவி, ஸ்டாண்ட் திடீரென இறங்கக்கூடும் என்பது கண்டுபிடிக்கப்பட்டதே அதற்குக் காரணம். "3 தொன்" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடலாகாது. ஊன்றிய பின்னர் பல் முழுமையாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

எடைக் கணக்கு

ராம்பில் ஓர் எண் எழுதியிருக்கும். அது ஒரு ராம்புக்கான அளவா, சோடிக்கான அளவா என்று கேட்டறிய வேண்டும். "2 தொன்" என்றிருந்து, அது சோடிக்கான அளவாயின், ஒன்று தாங்குவது 1 தொன்தான். சில நாட்டுத் தயாரிப்புகளில் அந்த எண், ஏற்றக்கூடிய வாகனத்தின் மொத்த எடையைக் குறிக்கும். எந்த அளவென்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, ராம்பிலும் எழுதியில்லை என்றால் அதை வாங்க வேண்டாம்.

உதாரணத்துக்கு, நம் நாட்டில் அதிகமாக ஓடும் டொயோட்டா அக்வாவை எடுப்போம். அதன் எடை சுமார் 1,080 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்சக்கரங்களில் இருக்கும் என்று வைத்தால், அது சுமார் 650 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ. அப்படியானால் சிறிய ராம்ப் போதுமே என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது டயர் விளிம்பில் விழும் பாரமும், மேலே வந்து தடுப்பில் மோதும் வேகமும் நின்ற எடையைவிட அதிகமான சுமையைக் கொடுக்கும். சக்கரமொன்றில் வரும் எடையைப் போல மூன்று மடங்கையாவது ஒற்றை ராம்ப் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. ஹையேஸ் போன்ற வான் வைத்திருப்போர், காருக்கென்று செய்யப்பட்ட ராம்பை இரவல் வாங்கி ஏற்றவே கூடாது. வானின் எடை அதிகம், டயரும் அகலம்.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் 175/65ஆர்15 என்பதுபோல் எழுதியிருக்கும். முதலில் வரும் 175தான் டயரின் அகலம், மில்லிமீற்றரில். ராம்பின் மேற்தளம் அதைவிட ஐந்து சென்ரிமீற்றராவது கூடுதலாக இருந்தால்தான், சற்று விலகி ஏறினாலும் டயர் பக்கவாட்டில் தொங்காது.

ஆஸ்திரேலியாவில் வீட்டுப் பாவனைக்கான ராம்ப்புகளுக்கு ஏஎஸ்/என்இஸட்எஸ் 2640 என்ற இலக்கமுடைய தரவிதி இருக்கிறது. அது அங்கு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அவ்விலக்கம் பொறித்த ராம்ப் கைக்குக் கிடைத்தால் அது ஒரு நல்ல அடையாளம்.

உயரமும் சாய்வும்

உயரம் கூடினால் கீழே இடம் கூடும். ஆனால் சாய்வும் கூடும். அக்வாவின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 14 சென்ரிமீற்றர். 16 சென்ரிமீற்றர் உயரமான ராம்பில் ஏற்றினால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் 30 சென்ரிமீற்றர் கிடைக்கும். ஒரு மனிதர் மல்லாந்து படுத்துக் கையைக் கொண்டுபோக அது போதுமானது. உடம்பு பெரியவர்கள் 20 சென்ரிமீற்றர் உயரத்தைத் தேடலாம்.

16 சென்ரிமீற்றர் உயரத்தை 60 சென்ரிமீற்றர் நீளத்தில் ஏறினால் சாய்வு ஏறத்தாழ 15 பாகை. அதே உயரத்தை 90 சென்ரிமீற்றர் நீளத்தில் ஏறினால் 10 பாகைதான். வாகனம் தாழ்வாக இருந்தால், டயர் ஏறுமுன்னரே பம்பர் ராம்பில் இடித்துவிடும். வாங்குமுன் வீட்டிலேயே இதைச் சோதித்துக்கொள்ளலாம். 60 சென்ரிமீற்றர் நீளமான பலகையொன்றை எடுத்து, அதன் ஒரு முனையை முன் டயரில் முட்டும்வரை தரையில் தள்ளி வையுங்கள். மறுமுனையை 16 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். பலகை பம்பரில் இடித்தால் அந்தச் சாய்வு உங்கள் வாகனத்துக்கு ஒத்துவராது. நீளமான ராம்பைத் தேடுங்கள். அல்லது ராம்பின் முன்னால் 5 சென்ரிமீற்றர் தடிப்பான அகலப் பலகையொன்றைப் படியாக வைத்து, அதில் ஏறிய பின்னர் ராம்பில் ஏறச் செய்யுங்கள். டயர் முதலில் உயர்ந்துவிடுவதால் பம்பரும் உயர்ந்துவிடும்.

எதில் செய்தது?

இப்போது நம் சகோதரரின் கேள்விக்கு வருவோம். பிளாஸ்டிக் ராம்ப் பாரமில்லாதது, துருப்பிடிக்காது, ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பாரமில்லாததாலேயே வழுவழுப்பான தரையில் டயர் ஏறும்போது முன்னே வழுக்கி ஓடும். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் உக்கி வெடிக்கும். ஆகவே அடியில் ரப்பர் பதித்ததையே வாங்கி, நிழலில் வைத்துப் பாவியுங்கள். கவிழ்த்துப் போட்டால் அதன் அறைகளில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். மேலே வெடிப்பு ஒரு மயிரிழை அளவு கண்டாலும் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

இரும்பு ராம்ப் பாரமானது. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏறினால் பெரும்பாலும் உடையுமுன் வளையும். அந்த வளைவு நமக்கு எச்சரிக்கை. அதன் எதிரி துரு. அதிலும் பெட்டி இரும்பில் செய்தது உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்; மேலே பெயின்ற் பளபளக்கும், உள்ளே ஓட்டையாக இருக்கும். பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பழையது வாங்குவோர் சிறிய சுத்தியலால் ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கிய இரும்பு மங்கலாகக் கேட்கும்.

ஊர்ப் பட்டறையில் சொல்லிச் செய்விப்போரும் உண்டு. அதில் பிழையில்லை, ஆனால் நான்கு விடயங்களைச் சொல்லிச் செய்வியுங்கள். ஒட்டு புள்ளி புள்ளியாக இல்லாமல் மூட்டு முழுவதும் ஓட வேண்டும். கால்களுக்கிடையே குறுக்குச் சட்டங்கள் வேண்டும். மேற்தளத்தின் முடிவில் டயர் தாண்டாத தடுப்பும், இரு பக்கமும் சிறிய விளிம்பும் வேண்டும். காலின் அடியில் தட்டையான தகடு வேண்டும். வெறுங்கால் தரையைக் குத்திக்கொண்டு இறங்கும்.

மரமும் நல்லதே. இரண்டு அங்குலத் தடிப்பும் டயரைவிட அகலமும் உள்ள பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப் போக நீளம் குறைய அடுக்கி, ஸ்குரூவால் இறுக்கினால் படிபோன்ற ராம்ப் அமையும். உள்ளே வெற்றிடமில்லாததால் நசுங்குவதற்கு இடமில்லை. முதிரை, பாலை போன்ற வைர மரம் வேண்டும். பெட்டிப் பலகையும் அல்பீசியாவும் உதவா. கறையான் அரித்திருக்கிறதா என்று அவ்வப்போது குத்திப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து பாவிக்க வேண்டாம். அதுதான் சீமெந்துக் கல். வீடு கட்டி மிஞ்சிய கல் முற்றத்தில் கிடக்கிறது, வீடே அதன்மேல் நிற்கிறது, கார் நிற்காதா என்று கேட்கிறார்கள். சுவரில் பாரம் கல்லின் முழுப் பரப்பிலும் சாந்தின் மேல் சமமாகப் பரவுகிறது. வாகனத்தின் பாரமோ ஒரு புள்ளியில் குத்துகிறது. உள்ளே பொள்ளலான அந்தக் கல், வளையாது, முனகாது, முன்னறிவிப்பின்றி நொறுங்கும். செங்கல்லும் அப்படித்தான்.

ஆகவே என் பதில் இது: நிழலான கராஜ், சொரசொரப்பான தரை, சிறிய கார் என்றால் எடையளவு தெளிவாக எழுதப்பட்ட பிளாஸ்டிக் ராம்ப் போதும். வான், வெளிமுற்றம், அடிக்கடி பாவனை என்றால் இரும்பு.

தரையும் ஏற்றும் முறையும்

எவ்வளவு நல்ல ராம்பையும் கெட்ட தரை கெடுத்துவிடும். மாபிள் பதித்த போர்ட்டிகோவில் ராம்ப் வழுக்கும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். மண் முற்றத்தில், அதிலும் மழைக்குப் பின், ஒரு பக்கம் புதையும். அடியில் அகலமான தடித்த பலகை வேண்டும். மலைநாட்டில் பல வீடுகளின் வாசல் சரிவானது. சரிவான இடத்தில் ராம்ப் வைக்கவே கூடாது. சமதரை இல்லையென்றால் அவ்வேலையை வீட்டில் செய்யாதிருப்பதே பாதுகாப்பு. சிலர் வீட்டிலேயே குழி வெட்டிவிடலாமா என்று கேட்பதுண்டு. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது; குழியில் தேங்கும்; ஒரு பொறி போதும். வீட்டுக்கு அது வேண்டாம்.

ஏற்றும்போது இரண்டு ராம்ப்புகளையும் டயருக்கு நேராக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வையுங்கள். ஒருவர் பக்கவாட்டில், எட்ட நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. முதலாம் கியரில், அக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து ஏற்றுங்கள். ராம்ப் வழுக்கத் தொடங்கினால் வேகம் கொடுத்து ஏற்றிவிட முயல வேண்டாம். இறங்கி, சரிசெய்து, மீண்டும் ஏற்றுங்கள். மேலே சென்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, ஓட்டோ கியர் என்றால் பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை நிறுத்தித் திறப்பைச் சட்டைப் பையில் போடுங்கள்.

தரையில் நிற்கும் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே. பின்பக்கத்தை ராம்பில் ஏற்றினால், தரையில் நிற்கும் முன்சக்கரங்களை ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அப்போது ஆப்புக் கட்டை இரட்டிப்பு அவசியம். கீழே போகுமுன் வெளியே நின்று வாகனத்தைத் தோளால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைவதென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே அசையட்டும்.

ஹைபிரிட் வாகனம் வைத்திருப்போருக்கு விசேடமாக ஒன்று. அக்வா, பிரியஸ் போன்றவற்றில் சத்தமில்லை என்பதால் எஞ்சின் நின்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ரெடி விளக்கு எரிந்தால் எஞ்சின் எந்நேரமும் தானாக ஓடத் தொடங்கும். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து, சாவியை வாகனத்திலிருந்து எட்டத்தில் வையுங்கள். கீழே செம்மஞ்சள் நிறத்தில் தெரியும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைத் தொட வேண்டாம்.

ஒயில் மாற்றுவோருக்கு இன்னொரு சொல். வாகனம் ராம்பில் சாய்ந்து நிற்கும்போது கம்பி காட்டும் அளவு சரியாக இராது. குறிப்பேட்டில் சொன்ன அளவை ஊற்றி, தரையில் இறக்கி, சில நிமிடங்கள் விட்ட பின்னரே கம்பியைப் பாருங்கள். பழைய ஒயிலைக் கானிலோ கிணற்றுப் பக்கத்திலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, ஏற்றுக்கொள்ளும் சேர்விஸ் ஸ்டேசனில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலுள்ளோருக்கு

சகோதரிகளே, நீங்கள் ஸ்பெனர் பிடிக்கத் தேவையில்லை. அவர் கீழே போகுமுன் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். "இதைத் தாங்கி நிற்பது எது?" என்பது முதலாவது. பதில் ஜக் என்றால் போக விடாதீர்கள். "பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தீர்களா?" என்பது இரண்டாவது. "தள்ளிப் பார்த்தீர்களா?" என்பது மூன்றாவது. இக்கேள்விகளுக்குக் கோபப்படும் கணவருக்கும் வாப்பாவுக்கும் நான் சொல்வது, நீங்கள் திரும்பி எழுந்து வருவதைப் பார்க்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு என்பதுதான்.

வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் வாகனத்தின் கீழே போகக் கூடாது. பிள்ளைகளை வாகனத்தின் உள்ளேயும் பக்கத்திலும் விடக் கூடாது. விளையாட்டாகக் கியரைத் தட்டிவிட ஒரு நொடி போதும். ஒயில் பேசினைப் பிடிக்கப் பிள்ளை தேவையில்லை. பேசின் தரையிலேயே இருக்கும்.

இன்னொரு ஒழுங்கையும் செய்துகொள்ளுங்கள். ஜக்கை வாகனத்தினுள் பூட்டி வைக்காமல், அதன் கைபிடியோடு வெளியே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். அசம்பாவிதம் நேர்ந்தால் அகப்பட்டவரை இழுப்பதற்கு முயலாமல், ஜக்கை வைத்து வாகனத்தை உயர்த்துவதே செய்ய வேண்டிய காரியம். கத்தி அயலவரைக் கூப்பிடுங்கள். ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். 2016இல் தொடங்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது, கட்டணமில்லை. அந்த இலக்கமும் ஜக்கைப் பாவிக்கும் முறையும் வீட்டிலுள்ள வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நல்லதொரு நாளில் ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும்.

ஒரு தடவைக்கான கராஜ் கூலி அடுத்த மாதம் மறந்துவிடும். நல்ல ராம்ப் ஒரு சோடி பல வருடங்கள் பாவிக்கும். அந்த விலையை வருடங்களால் பிரித்துப் பார்த்தால் சொற்பம். அதுவும் கைக்கெட்டாது என்ற நிலையிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாகனத்தை பாஸிடமே கொடுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். மேலிருந்து செய்யக்கூடிய எயார் பில்டர், பெற்றரி, தண்ணீர், வைப்பர் வேலைகளை வீட்டில் செய்யுங்கள். கீழே படுத்துச் செய்யும் வேலை, தாங்கி நிற்பது எதுவென்று நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய நாள் வரை காத்திருக்கட்டும்.